கெபி வரைக்கும் ஓடுகிறவன்

இதை எனக்கு முதலில் சொன்னது என் மகள் பெனிட்டாதான், நோரீன் அக்கா, இன்றைக்குக் காலையில், நாம் எல்லாரும் பூசைக்குக் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால். நான் அடுப்பில் ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். அவள் வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு, கொண்டையைச் சுருட்டிக்கொண்டு, மேசையில் சாய்த்து வைத்த டேப்லட்டில் உங்கள் ஊர்ப் பையன்களின் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கோடு, ஏறி இறங்கி ஏறி, ஆஸ்பத்திரியில் கட்டில் தலைமாட்டில் ஓடுமே, அது மாதிரி. எனக்கு அது என்னவென்று தெரியாது, ஆனாலும் உங்கள் டீமில் பிள்ளை பார்க்கிற வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால்தானே அவளுக்கும் ஒரு இது, அதனால் கேட்டேன், ஏம்மக்கா, தினமும் இதையே பாக்கியே, அப்படி என்னத்தச் சொல்லுது இது. அவள் ஹேர்பின்னை எடுத்துவிட்டுச் சொன்னாள், எம்மா, உடம்பு இன்னைக்கு ஓடுனத மட்டும் வச்சுக்கிடாது, போன வாரம், அதுக்கு முந்துன வாரம், எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கும், பழகுனதுக்கு மேல திடீர்னு சுமையை ஏத்துனா, ஏற்கெனவே எங்க அறுந்துச்சோ அங்கேயே போயி அறும், அந்தச் சுமையைத்தான் நா பாக்கேன். நான் சட்டியைக் கிண்டிக்கொண்டே, அப்போ நம்ம பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்றேன், உங்கள் மகனைத்தான் அக்கா. காஹலுக்கா, அவனுக்கென்னம்மா, போன வருசம் தொடை கிழிஞ்சதுலருந்து அவனத்தான் நா பொத்திப் பொத்தி வச்சிருக்கேனே, இருக்கதுலயே சுமை கம்மி அவனுக்குத்தான், இன்னைக்கு முழு ஆட்டமும் ஓடலாம்னு மேனேஜர்ட்ட நேத்தே சொல்லிட்டேன். சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு காருக்குப் போய்விட்டாள். ரவை கருகுகிற வாசம் வந்தது. அடுப்பை அணைக்க வேண்டும் என்பது கூட எனக்குத் தோன்றவில்லை, கை தன்பாட்டுக்குக் கிண்டிக்கொண்டே இருந்தது, மனசு எதிலோ போய் மாட்டிக்கொண்டது, சேலை முந்தானை ஆணியில் மாட்டுமே அப்படி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல். எதில் மாட்டியது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை அக்கா. இப்போது தெரிகிறது. இந்தப் புல்மேட்டில், உங்கள் தார்ப்பாய் விரிப்பில், உங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது தெரிகிறது. தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறேன். ஒன்று, எனக்கு உங்கள் பாஷை போதாது. இன்னொன்று, அதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. அதனால் மனசுக்குள்ளேயே உங்களிடம் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறேன், நீங்களோ எழுந்து நின்று மைதானத்தைப் பார்த்துக் கத்துகிறீர்கள்.

ஏய் ரெஃப்ரீ, கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டியா, போய் எடுத்துட்டு வா, நாங்க காத்திருக்கோம், என்றுதான் கத்துகிறீர்கள், ஊரை விட்டு உங்கள் நாட்டுக்கு வந்த இந்த மூன்று மாதத்தில் இது ஒன்று எனக்கு நன்றாகப் புரியும். சுற்றி இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நீங்கள் உட்கார்ந்து என் முழங்காலில் தட்டி, அந்த எதிர்ப் பங்குக்காரனுங்க கல்யாண வீட்டுலயும் அடுத்தவன் காலத்தான் மிதிப்பானுங்க என்று மெதுவாக, எனக்காக ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொல்கிறீர்கள், நானும் சிரிக்கிறேன். இந்த விளையாட்டு எனக்குப் பிடித்துவிட்டது அக்கா. பந்தைக் கையிலும் எடுக்கலாம், காலாலும் உதைக்கலாம், ஓடும்போதே பாதத்தில் தட்டிக் கைக்கு வாங்கலாம், கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று, கீழே வலைக்குள் போனால் மூன்று. ஒருத்தனுக்கும் ஒரு பைசா சம்பளம் கிடையாது என்று பெனிட்டா சொன்னபோது நான் நம்பவில்லை. பகலில் மின்சார வேலை பார்க்கிறவன், பள்ளிக்கூட வாத்தியார், பால் வண்டி ஓட்டுகிறவன், சாயந்திரம் தங்கள் கோயில் பங்குக்காக ஓடுகிறார்கள், எங்கள் ஊரில் திருவிழாச் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கிற மாதிரி. காஹல் நடு இடத்தில் ஆடுகிறவன், நடு இடத்துக்காரன்தான் எல்லாரையும் விட அதிகம் ஓட வேண்டும், இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும். இதோ ஓடுகிறான். பச்சைச் சட்டைக்குள்ளே, முதுகில், இரண்டு தோள் எலும்புக்கும் நடுவில் புடைத்துத் தெரிகிறதே, அதுதான் பெனிட்டாவின் பெட்டி. உள்ளே கறுப்புப் பனியன், அதில் ஒரு சின்னப் பை, பைக்குள் தீப்பெட்டி அளவில் அது. வானத்தில் இருக்கிற ஏதோ ஒன்று அதைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம், எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எங்கே சட்டென்று நின்றான், எங்கே திரும்பினான், எல்லாம். நான் முதல் தடவை அதைப் பார்த்தபோது உத்தரியம் என்றுதான் நினைத்தேன், நாம் கழுத்தில் போடுகிற, மாதா படத் துணி வைத்த உத்தரியத்தின் பின்துண்டு சரியாக அந்த இடத்தில்தானே கிடக்கும். பையன்கள் எல்லாரும் மாதா உத்தரியம் போட்டு விளையாடுகிறார்களே, எவ்வளவு பக்தியான பிள்ளைகள் என்று நான் சொல்ல, பெனிட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். வானத்தில் இருந்து ஒருத்தர் பார்க்கிறார் என்பதும் முதுகில் சுமக்கிறோம் என்பதும் எனக்குப் புதுசில்லை. சுமை என்பதும் எனக்குப் புதுசில்லை, பெனிட்டாவின் அப்பா தூத்துக்குடியில் எடைமேடையில் வேலை பார்த்தவர். உப்பு லாரி ஒவ்வொன்றும் வந்து மேடையில் ஏறி நிற்கும், அவர் உள்ளே உட்கார்ந்து எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பார். சில டிரைவர்கள் மேடைக்கு முன்னாலேயே ஒரு புளியமரத்தடியில் கொஞ்சம் மூட்டையை இறக்கிவிட்டு வருவார்கள், எடை போட்ட பிறகு சுற்றிப் போய் அதை மறுபடியும் ஏற்றிக்கொள்வார்கள். சீட்டில் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு நாள் சாப்பிடும்போது அவர் சொன்னார், சீட்ட நா பாக்கேன், லாரி அச்சு சீட்டப் பாக்காதுல்லா, அது ஒரு மேட்டுல ஏறும்போது முறிஞ்சுரும். அன்றைக்கு ஒரு லாரி மறவன்மடம் பக்கத்தில் அச்சு முறிந்து கிடந்தது, ரோடு முழுக்க உப்பு, வெயிலில் கண் கூசுகிற வெள்ளை. புளியமரம். எனக்கு ஏன் அந்தப் புளியமரமே மறுபடி மறுபடி வருகிறது என்று பார்த்தால், அக்கா, உங்கள் காஹலுக்கும் ஒரு புளியமரம் இருக்கிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு விடிவதற்கு முன்னால் முழிப்பு வந்துவிடும், ஊர்ப் பழக்கம், இங்கே வந்தும் போகவில்லை. பெனிட்டாவை எழுப்பக் கூடாது என்று அடுப்படிக்குப் போய் விளக்கைப் போட்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுச் செபமாலை சொல்வேன். ஜன்னலுக்கு வெளியே உங்கள் வீட்டுச் சுவர், சுவரைத் தாண்டி மேலே ஏறிப் போகிற அந்தச் சந்து, சந்து முடிகிற இடத்தில் பாறைக் குகை மாதிரி கட்டின மாதா கெபி, அங்கே ஒரு நீலப் பல்பு. இருட்டில் அந்த நீலம் மட்டும் தெரியும். எனக்கு அது போதும், அதைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடிப்பேன். போன மாதம் ஒரு நாள் மூன்றாம் காரணிக்கத்தில், அந்தப் பத்து மணியில் இருக்கும்போது யாரோ ஓடுகிற சத்தம். மழை தூறிக்கொண்டிருந்தது. பார்த்தால் காஹல். சந்தில் மூச்சு வாங்க ஏறி ஓடி, கெபியின் இரும்பு வேலியைக் கையால் தொட்டு, திரும்பி நடந்து இறங்கி, மறுபடி ஏறி ஓடி, மறுபடி வேலியைத் தொட்டு. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, என் விரல் மணியில் இருந்தது. கடைசியில் இறங்கி வரும்போது என் ஜன்னல் வெளிச்சத்தில் என்னைப் பார்த்துவிட்டான். நின்றான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. உங்கள் வீட்டு மாடி ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தான். பிறகு சிரித்தான் அக்கா, கன்னத்தில் குழி விழ, எங்கள் வீட்டில் தோசை தின்ன வந்தபோது இன்னும் ஒன்று என்று சிரித்தானே, அதே சிரிப்பு. நான் தலையை ஆட்டினேன். ஆட்டும்போதே முடிவு பண்ணிவிட்டேன், இது நேர்ச்சை. வேறென்ன நினைப்பேன், சொல்லுங்கள். விடியாத நேரம், மாதா கெபி, தொட்டுத் தொட்டுத் திரும்புகிறான், அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்கிறான். எங்கள் ஊரில் நேர்ச்சையை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். பெனிட்டா வயிற்றில் இருக்கும்போது நான் அப்படி நேர்ந்துகொண்டு பனிமய மாதா கோயிலுக்கு வீட்டிலிருந்து வெறுங்காலோடு நடந்தேன், ஒன்பது வெள்ளிக்கிழமை, மாமியாருக்குச் சொல்லவில்லை, வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை, ரோட்டில் தார் உருகி உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு வந்தது, கேட்டவர்களிடம் கடைக்குப் போகிறேன் என்றேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தாள். நீங்களும் சொன்னீர்களே அக்கா, இங்கே ஒரு மலை இருக்கிறது, வருசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லும் முள்ளும் பார்க்காமல் வெறுங்காலோடு ஏறுவார்கள், உங்கள் அம்மா ஏறியிருக்கிறார்கள் என்று. அதையும் இதையும் சேர்த்து நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். கால் குணமானதற்கு நன்றியாக ஓடுகிறான் பிள்ளை என்று. அதற்குப் பிறகு அவன் ஓடுகிற நாளெல்லாம் என் செபமாலையை அவனுக்காகச் சொன்னேன். அவன் ஏறும்போது அருள்நிறை மரியே, அவன் இறங்கும்போது அர்ச்சிஷ்ட மரியாயே. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வேண்டுதல் செய்கிற மாதிரி எனக்கு ஒரு நிம்மதி. வெளிநாட்டில் வந்து ஒன்றுக்கும் உதவாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்று இருந்த மனசுக்கு ஒரு வேலை கிடைத்த மாதிரி. மழை பெய்தாலும் வந்தான், பனி விழுந்தாலும் வந்தான். அந்தக் கறுப்புப் பனியன் அவன் மேல் இல்லை. வெறும் பழைய சட்டை. வானத்தில் இருந்து பார்க்கிறதற்கு அவன் அப்போது தூங்கிக்கொண்டிருக்கிறான். நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்த்து ஆசீர்வதித்துக்கொண்டிருந்தேன்.

விசில். பாதி ஆட்டம் முடிந்தது. நீங்கள் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றுகிறீர்கள், எனக்கு இரண்டு சர்க்கரை என்று கேட்காமலே போடுகிறீர்கள். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், ஒண்ணும் இல்ல, நம்ம பையனுங்க ரெண்டாவது பாதியில எழும்புவாங்க, காஹல் இருக்கானே என்கிறீர்கள். அவன் நல்லா இருக்கான்ல, ஒங்க பொண்ணு அவன நல்லாப் பாத்துக்கிட்டா, போன வருசம் இதே மைதானத்துல அவன் விழுந்தப்போ நா எப்படி அழுதேன் தெரியுமா, என்கிறீர்கள். தெரியும் அக்கா. நீங்கள் அன்றைக்குக் கையால் காட்டினீர்கள், வலது தொடையின் பின்பக்கம், துணி கிழிகிற மாதிரி இரண்டு கையையும் இழுத்து. அந்தச் சத்தம் கேட்டுச்சு என்றீர்கள். அதே இடத்தில் இன்னொரு தடவை கிழிந்தால் ஒரு வருசம் போய்விடும், ஒருவேளை விளையாட்டே போய்விடும் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னீர்கள். நான் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். சூடு இருக்கிறது. காலையில் கோயிலில் ஒன்று பார்த்தேன். நீங்கள் பாட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். காஹல் பெஞ்சுக்குள் வரும்போது முழங்கால் மடக்கினான் பாருங்கள், வலது முழங்காலைத்தானே மடக்குவோம், அவன் பாதியில் நின்று, பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு, இடதை மடக்கினான். சின்னப் பிள்ளையிலிருந்து பழகினது மாறாது அக்கா, உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வலதுதான் மடங்கும். அதைப் பார்த்தபோது எனக்கு ரவை கருகின வாசம் மறுபடி வந்தது, கோயிலுக்குள், சாம்பிராணி வாசத்துக்கு நடுவில். பழகுனதுக்கு மேல. ஏற்கெனவே எங்க அறுந்துச்சோ. இருக்கதுலயே சுமை கம்மி அவனுக்குத்தான். நேர்ச்சைக்கு ஓடுகிறவன் மெதுவாக ஓடினாலும் மாதா ஏற்றுக்கொள்வாள், இவன் ஏன் மூச்சு முட்ட ஓடினான். நேர்ச்சைக்கு வந்தவன் ஒரு தடவையாவது கெபிக்கு முன்னால் நின்று சிலுவை போட்டிருக்க வேண்டாமா. வேலியைத்தான் தொட்டான். வேலியைத் தொட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். ஆமாம், கடிகாரத்தைப் பார்த்தான், அதையும் நான் தினமும் பார்த்தேன், பார்த்தும் எனக்கு வேண்டியதை மட்டும் பார்த்தேன். அவன் இன்றைய ஆட்டத்துக்காகத் திருட்டுத்தனமாக ஓடிப் பழகியிருக்கிறான். பெனிட்டா கொடுத்தது போதாது என்று புளியமரத்தடியில் மூட்டை ஏற்றியிருக்கிறான். இதோ அங்கே, வேலிக்கு உள்ளே, பெனிட்டா டேப்லட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் ஏதோ சொல்கிறாள், மேனேஜர் தலையாட்டுகிறார், காஹலின் முதுகில் தட்டுகிறார். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஓட விடலாம் என்று சொல்லியிருப்பாள். கொஞ்சம் குறைத்துத்தான் ஓடியிருக்கிறான், தெம்பு மிச்சம் இருக்கும் என்று. அவள் மேல் தப்பு இல்லை, சீட்டில் அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் ஒரு துண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவி நீட்டுகிறீர்கள். என்ன இன்னைக்கு ரொம்ப அமைதியா இருக்கீங்க, குளிருதா, என்கிறீர்கள். இல்ல அக்கா, என்கிறேன். அக்கா என்றால் மூத்த சகோதரி என்று பெனிட்டா சொன்ன நாளிலிருந்து உங்களுக்கு இது ஒரு கேலி. மூத்தவளா, யார் சொன்னது, பாஸ்போர்ட்ட எடுங்க பாப்போம் என்கிறீர்கள், நான் சிரிக்கிறேன், ரொட்டியைக் கடிக்கிறேன். இப்போது பெனிட்டாவிடம் போய்ச் சொன்னால் என்ன. சொன்னால் அவள் மேனேஜரிடம் திரும்பிப் போய், நான் நேற்றுச் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் அவள் வார்த்தை நிற்பதற்கு எவ்வளவு பாடுபட்டாள் என்று எனக்குத் தெரியும், அந்தச் சின்னப் பெட்டியா பந்தை உதைக்கப் போகுது என்று கிழவர்கள் அவள் காதுபடச் சொன்னார்கள், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போதுதான் ஒரு மாதமாக மேனேஜர் அவளைக் கேட்காமல் ஒன்றும் செய்வதில்லை. சொல்லாவிட்டால் என்ன. சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம், இருபத்திநாலு வயசுப் பையன், இரும்பு மாதிரி, இன்னும் அரை மணி நேரம்தானே, நான் ஒரு ஐம்பத்துமூன்று மணி சொல்லி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அப்படித்தான் செபத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. மாதாவே, நீ பார்த்துக்கொள் என்று விட்டுவிடலாம். ஆனால் மாதாவும்தான் அந்தக் கெபியில் நின்று தினமும் பார்த்தாள், அவளுக்கு என்னைத் தவிர வேறு வாய் இல்லையே. அவன் உதட்டில் வைத்த விரல். உங்கள் மாடி ஜன்னலைப் பார்த்துவிட்டு வைத்த விரல். உங்களிடமிருந்துதான் அக்கா மறைத்தான், பெற்றவளிடமிருந்து. என் பிள்ளை ஒரு அடுத்த வீட்டு அம்மாவிடம் விரல் வைத்து, அவளும் சரி என்று தலையாட்டியிருந்தால், எனக்கு எப்படி இருக்கும்.

விசில் அடித்துவிட்டார்கள். நீங்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்கிறீர்கள், ஆட்டத்தின் முக்கியமான நேரத்தில் நீங்கள் யார் கையையாவது பிடித்துக்கொள்வீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் கை சொரசொரப்பாக, சூடாக இருக்கிறது. பந்து மேலே எழும்புகிறது, காஹல் எல்லாரையும் விட உயரத் தாவி இரண்டு கையாலும் பிடிக்கிறான், ஊரே கத்துகிறது, நீங்கள் கத்துகிறீர்கள். கீழே இறங்கும்போது இடது காலில்தான் இறங்குகிறான். ஓடுகிறான், பந்தைப் பாதத்தில் தட்டிக் கைக்கு வாங்குகிறான், இன்னொருத்தனுக்குத் தட்டி விடுகிறான், அவன் கம்பத்துக்கு மேலே உதைத்துவிட்டான், சமம், சமம் என்று எல்லாரும் எழும்பி நிற்கிறார்கள். யாரும் காஹலைப் பார்க்கவில்லை. நான் பார்க்கிறேன். திரும்பி நடக்கும்போது வலது கையைப் பின்னால் கொண்டுபோய், தொடையின் பின்பக்கத்தை, கொசு கடித்த இடத்தைத் தடவுகிற மாதிரி, லேசாக ஒரு தடவு. யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை. அந்தப் பார்வை சுற்றி வந்து, நோரீன் அக்கா, என்மேல் வந்து நிற்கிறது, இத்தனை பேருக்கு நடுவில், ஜன்னல் வெளிச்சத்தில் வந்து நின்ற மாதிரி. இந்தத் தடவை சிரிக்கவில்லை. விரலும் வைக்கவில்லை. நானும் தலையாட்டவில்லை. எனக்குப் பயம் போய்விட்டது, எப்படிப் போனது என்று தெரியவில்லை. பெனிட்டா தலை குனிந்தால் குனியட்டும், நிமிர்ந்துகொள்வாள், அவளுக்கு வயசு இருக்கிறது. முதலில் பெற்றவளுக்குச் சொல்ல வேண்டும். நான் உங்கள் கையை இழுக்கிறேன். அக்கா, என்கிறேன். காஹல், காலையில, இருட்டு, என்கிறேன், எனக்குத் தெரிந்த உங்கள் பாஷையில். நீங்கள் மைதானத்தைப் பார்த்தபடியே ம் என்கிறீர்கள். நான் உங்கள் உள்ளங்கையை விரித்து, என் இரண்டு விரலால் மணிக்கட்டிலிருந்து மேலே ஓடிக் காட்டுகிறேன், விரல் நுனியைத் தொட்டு, கீழே இறங்கி, மறுபடி மேலே ஓடி. கெபி, மாதா, என்கிறேன். ஓட்டம், தினமும், என்கிறேன். பெனிட்டாவுக்குத் தெரியாது, பெட்டி இல்லை, என்று என் முதுகைத் தொட்டுக் காட்டுகிறேன். நீங்கள் மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறீர்கள். பிறகு கேட்கிறீர்கள், எனக்காக ஒவ்வொரு வார்த்தையாக, அப்போ பொண்ணு இல்லையா. என்ன பொண்ணு அக்கா. அந்தச் சந்துக்கு மேல வீடு இருக்கே, டீச்சர் பொண்ணு, அவளப் பாக்கப் போறான்னு நெனச்சேன், என்கிறீர்கள், தினமும் காலையில ஷூ நனைஞ்சு சேறா இருக்கும், நானே எடுத்து உள்ள பேப்பர் திணிச்சு அடுப்புப் பக்கத்துல காய வச்சேன், ஒரு வார்த்த கேக்கல, கேட்டா வெக்கப்பட்டு விட்டுருவானோன்னு, பொண்ணா இருக்கணும்னு மெழுகுவர்த்தி கூட ஏத்துனேன். எங்கே ஏற்றினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கெபியில்தான், நானும் பார்த்திருக்கிறேன் உங்கள் மெழுகுவர்த்தியை, நீலப் பல்புக்குக் கீழே. உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, உதடு பிரிகிறது, பிறகு மைதானத்தைப் பார்க்கிறீர்கள், அவன் ஓடாமல் நடக்கிறான், உதடு மூடிக்கொள்கிறது. நானும் ஷூவைக் காய வைத்த மாதிரிதான் அக்கா, செபமாலையால் காய வைத்தேன். அதை எப்படி உங்கள் பாஷையில் சொல்வது. சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் ஏற்கெனவே எழுந்து நின்று தார்ப்பாயிலிருந்து காலை எடுத்துவிட்டீர்கள். நானும் எழுகிறேன். அவனை வெளியே எடுக்கச் சொல்ல, புல்மேடு இறங்கி, வேலி ஓரமாக, பெனிட்டா நிற்கிற இடத்துக்கு அந்தச் சின்ன இரும்புக் கேட் வழியாகத்தான் போக வேண்டும், அதன் கொண்டி துருப்பிடித்தது, நான் எத்தனை தடவை இழுத்தும் எனக்கு வந்ததில்லை, உங்கள் பூட்ஸ் காலால் ஒரு உதை விட்டால்தான் அது திறக்கும். பந்து மறுபடி மேலே போகிறது. காஹல் அதைப் பார்த்து நிமிர்கிறான். நாம் வேகமாக நடக்கிறோம், நான் உங்களுக்கு முன்னால். கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று திரும்பி, எனக்குத் தெரிந்த பாஷையில், தமிழில்தான், சத்தமாகவே சொல்கிறேன். நோரீன் அக்கா, இந்தக் கேட்ட மட்டும் கொஞ்சம் திறந்து விடுங்க.